கணினிக்கும் ஒரு மராமத்து நாள்

ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்கு எதைக் கண்டாலும் தண்டவாளமும் கால அட்டவணையுமே நினைவுக்கு வரும் என்று என் மனைவி அடிக்கடி கேலி செய்வாள். அது உண்மைதான். வீட்டில் இருக்கும் கணினியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அசோகபுரம் ரயில்வே பட்டறைதான். என் தந்தையார் பொன்மலையிலிருந்து மாற்றலாகி மைசூருக்கு வந்து, அந்தப் பட்டறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன ஒரு சொல்லே இந்தக் கட்டுரைக்கு விதையாயிற்று. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த நம் குடும்பங்களில் இன்று கணினி இல்லாத வீடு குறைவு. ஊரிலிருக்கும் பெற்றோர்க்குப் பணம் அனுப்புவதும், பிள்ளைகளின் படிப்பும், வேலைக்கு விண்ணப்பிப்பதும், தீபாவளிக்கு ஊர் செல்ல ரயிலில் இடம் பதிவதும் எல்லாம் அதன் வழியே நடைபெறுகின்றன. அத்தகைய கணினி, நம்மைக் கேளாமல், நமக்கு வேண்டிய நேரத்தில் தன் வேலையை நிறுத்திவிட்டு, "புதுப்பிப்பு நடைபெறுகிறது, அணைக்க வேண்டாம்" என்று நீலத்திரையில் எழுதிக் காட்டினால் எப்படி இருக்கும்? அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவியாதவர்களும் என் வீட்டில் நடந்ததைக் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள்.

அன்று இரவு நடந்தது

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம். விழுப்புரத்திலிருந்து என் அக்காள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். ஓர் அரசுப் பணித் தேர்வுக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு அன்று வெள்ளிக்கிழமை நள்ளிரவே கடைசி நேரம். கல்லூரியிலிருந்து வரவேண்டிய சான்றிதழ் ஒன்று அன்று மாலைதான் கிடைத்தது. ஆகவே முன்கூட்டியே விண்ணப்பிக்க இயலவில்லை. சான்றிதழ்களையெல்லாம் படமெடுத்துக் கணினியில் சேர்த்து, விண்ணப்பத்தில் பாதியை நிரப்பிவிட்டு, "மாமா, ஐந்தே நிமிடம், சாப்பிட்டு வந்து முடித்துவிடுகிறேன்" என்று எழுந்து போனாள். அப்போது மணி பத்தரை.

அவள் கை கழுவிவிட்டு வந்தபோது திரையில் விண்ணப்பம் இல்லை. ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. "11 சதவீதம் முடிந்தது" என்று எழுதியிருந்தது. பதினொரு மணிக்கு அது 27 ஆயிற்று. பதினொன்றரைக்கு 30இலேயே நின்றது. மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கலாமா என்றால், நிறுத்தினால் உள்ளதும் கெடும் என்று அத்திரையே எச்சரித்தது. சான்றிதழ்கள் யாவும் கணினிக்குள்ளேயே இருந்தமையால் கைபேசியைக் கொண்டும் ஒன்றும் செய்ய இயலவில்லை. தெருமுனையில் இருக்கும் கணினிக் கடையும் ஒன்பது மணிக்கே மூடப்பட்டிருந்தது. கணினி மீண்டும் கண் விழித்தபோது மணி பன்னிரண்டேகால். விண்ணப்பம் பெறும் பக்கம் மூடிவிட்டது.

அவள் அழவில்லை. "பரவாயில்லை மாமா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள். அந்தச் சொல்தான் என்னை இரவெல்லாம் உறங்கவிடாமல் செய்தது. ஏனெனில் பிழை அவளுடையது அன்று. இரண்டு வாரமாகவே அக்கணினி, "புதுப்பிப்பு காத்திருக்கிறது, எப்போது செய்யலாம்?" என்று மூலையில் ஒரு சிறு கட்டத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஒவ்வொரு முறையும், "பிறகு", "பிறகு" என்று அழுத்தித் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அது தானே ஒரு நேரத்தைத் தேர்ந்துகொண்டது. ஐந்து நிமிடம் கணினியை யாரும் தொடாதிருந்ததும், ஆள் இல்லை என்று எண்ணி வேலையைத் தொடங்கிவிட்டது.

இயங்குதளம் என்பது யாது?

கணினியில் நாம் காணும் ஒவ்வொரு செயலியையும் ஒரு ரயில் வண்டி என்று கொள்வோம். கடிதம் எழுதும் செயலி ஒரு வண்டி. படம் பார்க்கும் செயலி மற்றொரு வண்டி. வங்கிப் பக்கத்தைத் திறக்கும் உலாவி இன்னொரு வண்டி. இவை ஒன்றோடொன்று மோதாமல், எந்த வண்டிக்கு எந்தப் பாதை, எப்போது என்று முறைப்படுத்துவதற்கு ஒரு நிலைய அதிகாரி வேண்டுமன்றோ? அந்த நிலைய அதிகாரியே இயங்குதளம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்னும் இயங்குதளம்.

புதுப்பிப்பு என்பது அந்த இயங்குதளத்தில் உள்ள சிதைந்த உறுப்புகளை மாற்றிப் புதியன பொருத்துவது. அதற்குக் கணினியை ஏன் நிறுத்தித் தொடங்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும் தண்டவாளத்தைக் கழற்றி மாற்ற முடியுமா? வண்டியை விலக்கி, போக்குவரத்தை நிறுத்தி, லைன் பிளாக் எடுத்த பிறகே மாற்ற முடியும். அதுபோலவே, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் கோப்புகளை அது ஓடும்போதே மாற்ற இயலாது. எல்லாவற்றையும் நிறுத்தி, மாற்றி, மீண்டும் தொடங்க வேண்டும். பழைய கணினியாயின் இதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று இத்தகைய திருத்தங்களை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அன்று காலை பத்து மணிக்கு அவை வெளியாகும்போது நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி ஆகியிருக்கும். எனவே நம் நாட்டுக் கணினிகள் பெரும்பாலும் புதன்கிழமையன்றுதான் அவற்றை இறக்கத் தொடங்குகின்றன. மாதத்தின் அந்த வாரத்தில் கணினி மெதுவாக நடப்பதாகத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

எதற்காக இத்தனை செப்பனிடல்?

"நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எதற்காகத் தொட வேண்டும்?" என்பது நியாயமான கேள்வியே. நானும் அவ்வாறே கேட்டேன். அதற்கு விடை 2017ஆம் ஆண்டில் உலகமே கண்ட ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

அவ்வாண்டு மார்ச் 14ஆம் தேதி விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியாயிற்று. அந்த ஓட்டையின் வழியே நுழையும் உளவுக் கருவி ஒன்று அமெரிக்க உளவு நிறுவனத்திடமிருந்து களவு போய், ஏப்ரலில் எல்லோர் கைக்கும் கிடைத்துவிட்டது. மே 12ஆம் தேதி, வான்னாகிரை என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியே புகுந்து, சில நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டது. கோப்புகளைத் திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று திரையில் கேட்டது. இங்கிலாந்து நாட்டின் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறித்திருந்த சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஜெர்மனி நாட்டு ரயில் நிலையங்களில் வண்டிகளின் வருகையைக் காட்டும் பலகைகளிலும் பணம் கேட்கும் செய்தியே தோன்றியது. நம் நாட்டில் ஆந்திரத்துக் காவல்துறைக் கணினிகள் சிலவும், கேரளத்து ஊராட்சி அலுவலகங்கள் சிலவும், தென்னக ரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகத்துக் கணினிகள் சிலவும் சிக்கின. மைசூர்க் கோட்டம் 2003 முதல் தென்மேற்கு ரயில்வேயைச் சேர்ந்ததாயினும், பாலக்காடு என்றதும் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரவர் கணினியை ஒரு தரம் அச்சத்தோடு பார்த்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. திருத்தம் வெளியானது மார்ச்சில். தாக்குதல் நடந்தது மே மாதத்தில். இடையில் இரண்டு மாத அவகாசம் இருந்தது. அகப்பட்டவை பெரும்பாலும் அந்தத் திருத்தத்தை ஏற்காத கணினிகளே.

மற்றொரு செய்தியும் பலர் அறியாதது. ஒரு திருத்தம் வெளிவந்தவுடன், கள்வர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருப்பது எந்த இடம் என்று கண்டுகொள்கிறார்கள். சுவரில் புதுச்சாந்து பூசிய இடமே முன்பு ஓட்டை இருந்த இடம் என்று காட்டிக்கொடுப்பதில்லையா? சாந்து பூசிக்கொண்ட வீட்டுக்குத் தீங்கில்லை. அதே அச்சில் கட்டிய, ஆனால் சாந்து பூசாத பக்கத்து வீட்டுக்கே ஆபத்து. ஆகவே திருத்தம் வெளியான பின் அதை ஏற்காதிருப்பது, வெளியாகாததற்கு முன் இருந்த நிலையைவிட மோசமானது.

உரிமை யாருடையது?

ஆனால் இதைக் கொண்டு, நிறுவனம் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மராமத்து வேண்டும் என்பது ஒன்று. வீட்டுக்காரனைக் கேளாமல் நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு வந்து மராமத்து செய்வது மற்றொன்று.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலை 29ஆம் தேதி வெளிவந்தது. முந்தைய விண்டோஸ் 7, விண்டோஸ் 8.1 வைத்திருந்தவர்களுக்கு அதை ஓராண்டுக் காலம் இலவசமாகத் தருவதாக அறிவித்தார்கள். அது நல்ல செய்திதான். ஆயினும் 2016ஆம் ஆண்டில் அந்த அறிவிப்புக் கட்டத்தின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், அதையே இசைவு என்று எடுத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் புதிய தளத்தைப் பொருத்தும்படி செய்தார்கள். கதவைச் சாத்தினால் "உள்ளே வா" என்று பொருளாகுமா? கலிபோர்னியாவில் பயண ஏற்பாட்டுத் தொழில் நடத்திய ஒரு பெண்மணி, இவ்வாறு தானே வந்து புகுந்த தளத்தால் தம் தொழிற்கணினி கெட்டது என்று வழக்குத் தொடுத்தார். 2016இல் அவருக்கு 10,000 டாலர் கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில், அந்த விஷயத்தில் தாங்கள் எல்லை மீறிவிட்டதாக நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவரே ஒப்புக்கொண்டார்.

விண்டோஸ் 10 வந்த பிறகு, வீட்டு உபயோகத்துக்கான பதிப்பில் புதுப்பிப்பை வேண்டாம் என்று மறுக்கும் வசதியும் எடுக்கப்பட்டுவிட்டது. அவசரப் புதுப்பிப்பால் நேர்ந்த தீங்குகளும் உண்டு. 2018 அக்டோபரில் வெளியான ஒரு பெரிய புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்தி, குறை தீர்த்து, நவம்பரில் மீண்டும் வெளியிட்டார்கள். இனி 2024 ஜூலை 19ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். அன்று கெட்டது விண்டோஸின் சொந்தப் புதுப்பிப்பால் அன்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான கோப்பினால். ஆயினும் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவல்காரனே தடுக்கி விழுந்து விளக்கை அணைத்த கதை அது.

ஆக, திருத்தத்தை ஏற்காமல் இருப்பதும் ஆபத்து. வந்த கணமே ஏற்பதும் சிற்சில வேளைகளில் ஆபத்து. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா? உண்டு. ஆனால் அதை நான் கண்டுகொள்வதற்கு முன் இன்னொரு பிழை செய்தேன்.

நான் செய்த பிழை

அக்காள் மகளின் விண்ணப்பம் போனதும் எனக்கு அந்தக் கணினியின் மேல் அடங்காத கோபம். தெரிந்தவர் ஒருவரை அழைத்து, "இனி இது என்னைக் கேளாமல் எதையும் செய்யக்கூடாது, வழி உண்டா?" என்றேன். அவர் பத்து நிமிடத்தில் புதுப்பிப்புக்குரிய சேவையையே அடியோடு நிறுத்திவிட்டார். "இனிமேல் உங்களுக்குத் தொந்தரவே இல்லை" என்று சொல்லிப் போனார். உண்மையாகவே தொந்தரவு இல்லை. ஒன்றரை ஆண்டுக் காலம் கணினி வாயைத் திறக்கவில்லை. நானும் மகிழ்ந்திருந்தேன்.

நான் அறியாதது இது: விண்டோஸோடு கூடவே வரும் காவல் செயலி, கள்வர்களின் அடையாளப் பட்டியலைப் பெறுவதும் அதே புதுப்பிப்பு வழியாகத்தான். அவ்வழியை அடைத்ததால் என் வாயிற்காவலன் ஒன்றரை ஆண்டு பழமையான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நின்றான். புதிய கள்வன் நேரே நுழைந்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது.

2023ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எங்கோ அச்சிடக் கொண்டுபோய் வந்த ஒரு பென்டிரைவைச் செருகினேன். மறுநாள் காலையில் கோப்புகளின் பெயர்களுக்கெல்லாம் பின்னால் விளங்காத ஒரு வால் முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. டாலரில் பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திறந்தது.

பணம் கொடுக்கவில்லை, கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. சங்கத்தின் சந்தாதாரர் பட்டியல் அதிலிருந்தது. நல்ல வேளையாக நம் பொருளாளர் ஐயா, கணினியை நம்பாமல் நீலநிற அட்டை போட்ட பேரேட்டிலும் அதை எழுதி வைத்திருந்தார். அது பிழைத்தது. 2019இல் காலமான என் தாயாரின் படங்கள் பிழைக்கவில்லை. சாமுண்டி மலைப் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்து அவர் சிரித்த படம் ஒன்று அவற்றில் இருந்தது. அதற்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல் ஆயிற்று என் செயல்.

அப்போதுதான் என் தந்தையார் அந்தச் சொல்லைச் சொன்னார். "ஏண்டா, பட்டறைக்கு வந்த பெட்டியைப் பழுதுபார்த்து அனுப்பும்போது நாங்கள் என்ன செய்வோம்? பெட்டியின் முனையில் பட்டறை பெயரும், வேலை முடித்த தேதியும், அடுத்தபடி திரும்பி வரவேண்டிய தேதியும் எழுதித்தானே அனுப்புவோம்? தேதி தவறிய பெட்டியை ஓட்டவும் கூடாது; ஓடுகிற பெட்டியை நடுவழியில் நிறுத்திக் கழற்றவும் கூடாது. உன் பெட்டிக்கு நீ தேதி எழுதவில்லை. அதுதான் குற்றம்."

ரயில் பெட்டிகளுக்குக் காலமுறைப் பெரும் பழுதுபார்ப்பு உண்டு. பட்டறைக்காரர்கள் அதைப் பி.ஓ.எச். என்பார்கள். இரவு வண்டியில் ஏறுமுன் பெட்டியின் முனையைப் பார்த்தால் அந்தத் தேதிகளை நீங்களும் காணலாம். கணினிக்கும் அவ்வாறு ஒரு நாளைக் குறித்துவிட்டால், நிறுவனம் குறிக்கும் நாளுக்கு நாம் அடிமையாக வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

நான் இப்போது கைக்கொண்டுவரும் முறையை எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும், செட்டிங்ஸ் என்னும் பகுதியில் விண்டோஸ் அப்டேட் என்ற இடத்தில் இவை இருக்கின்றன.

முதலாவது, வேலை நேரத்தைக் குறித்தல். ஆக்டிவ் அவர்ஸ் என்னும் இடத்தில் நாம் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறிக்கலாம். அந்த நேரத்துக்குள் கணினி தானே நின்று தொடங்காது. 2016ஆம் ஆண்டு இவ்வசதி வந்தது. ஒரு நாளில் 18 மணி நேரம் வரை குறிக்கலாம். என் கணினியில் யாரும் மாற்றாததால் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்றே இருந்தது. அலுவலகத்துக்கு அது பொருந்தும். வேலை முடிந்து இரவில் கணினியைத் திறக்கும் நம் போன்ற குடும்பங்களுக்குப் பொருந்துமா? நான் காலை ஏழு முதல் இரவு ஒரு மணி வரை என்று மாற்றிவிட்டேன்.

இரண்டாவது, சிறிது காலம் நிறுத்தி வைத்தல். 2019 மே மாதம் முதல் வீட்டுப் பதிப்பிலும் புதுப்பிப்புகளை வாரம் வாரமாக ஐந்து வாரம், அதாவது 35 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். தேர்வு விண்ணப்பமோ, வேறு அவசரமோ இருக்கும் வாரத்தில் முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் மறவாமல் திறந்துவிடுங்கள். இரண்டாம் செவ்வாய்க்குப் பின் ஒரு வாரம் பொறுத்திருந்தால், திருத்தத்தில் ஏதேனும் பெருங்குறை இருப்பின் அதற்குள் செய்தி வெளியாகிவிடும். ஒரு வாரம் பொறுப்பது விவேகம். ஓராண்டு பொறுப்பது என் கதை.

மூன்றாவது, இணைய அளவைக் காத்தல். கைபேசியிலிருந்து கணினிக்கு இணையம் எடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று அளந்து வாங்கும் இணையத்தை ஒரு புதுப்பிப்பே விழுங்கிவிடக்கூடும். அதன் அளவு சில நூறு எம்பி முதல் சில ஜிபி வரை இருக்கும். இணைய இணைப்பின் அமைப்பில் மீட்டர்டு கனெக்ஷன் என்பதை இயக்கிவிட்டால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமே இறங்கா. ஆனால் மாதம் ஒரு நாளாவது அதை நீக்கி, வேண்டியவற்றை இறக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நாள் குறித்தல். நான் ஒவ்வொரு மாதமும் நான்காம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலைக் குறித்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் புதுப்பிப்பைத் தொடங்கிவிட்டு உறங்கப் போவேன். மடிக்கணினியாயின் மின்னூட்டியைச் செருகி வையுங்கள். மேசைக்கணினியாயின், யு.பி.எஸ். இல்லாவிடில், மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் கணினி எழுவது கடினம். வேலை முடிந்ததும், கணினியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அன்றைய தேதியையும் அடுத்த தேதியையும் எழுதிவிடுகிறேன். என் தந்தையார் அதைப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் பட்டறைக்காரன் மகன்" என்றார்.

ஐந்தாவது, பிரதி எடுத்தல். மேற்சொன்ன நான்கையும் விட இதுவே பெரிது. புதுப்பிப்பைத் தொடங்குமுன் படங்களையும் சான்றிதழ்களையும் தனி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றிப் பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் தீநிரல் அதையும் பூட்டிவிடும். மிக வேண்டியவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு வீட்டிலும் இருக்கட்டும்.

பெரிய புதுப்பிப்பு ஒன்றை ஏற்றபின் கணினி கெட்டதாகத் தோன்றினால், பத்து நாட்களுக்குள் ரெகவரி என்னும் பகுதிவழி பழைய நிலைக்குத் திரும்ப வழியுண்டு. பத்து நாள் கடந்தால் அவ்வழி அடைபட்டுவிடும். சிறிய திருத்தங்களை அப்டேட் ஹிஸ்டரி என்னும் இடத்திலிருந்து தனித்தனியே நீக்கலாம்.

பழைய கணினி வைத்திருப்போர்க்கு

விண்டோஸ் 10க்கான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவடைந்தன. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்த செயலகமும் வேண்டும். படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியையே இன்னும் பேணி வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர்! அவை நன்றாக ஓடுகின்றன. ஆயினும் புதிய தளம் அவற்றை ஏற்காது. நன்றாக ஓடும் வண்டியைப் பாதை மாறிவிட்டது என்று சொல்லி ஓரங்கட்டுவது போன்ற செயல் இது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

அவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டார்க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருவதாக மைக்ரோசாப்ட் 2025இல் அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கோடு கணினியின் அமைப்புகளை இணைத்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 டாலர். இது தவணை நீட்டிப்பே அன்றித் தீர்வு அன்று.

மற்றொன்று, லினக்ஸ் வழிப்பட்ட இயங்குதளத்துக்கு மாறுவது. இது விலையில்லாதது, பழைய கணினிகளிலும் ஓடக்கூடியது. இதிலும் திருத்தங்கள் வரும். ஆனால் பெரும்பாலும் நம்மைக் கேட்டே வரும், நாம் சொல்லும்போதே கணினி நின்று தொடங்கும். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இதில்தான் பயில்கிறார்கள். நம் நாட்டு அரசின் சி-டாக் நிறுவனமும் 2007ஆம் ஆண்டிலேயே சென்னையில் போஸ் என்னும் லினக்ஸ் தளத்தை உருவாக்கி வெளியிட்டது. தமிழ், கன்னடம் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மாறுவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய செயலிகள் அதில் ஓடுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணினியில் பொருத்தாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி லினக்ஸில் உண்டு.

முடிவாக ஒரு சொல்

பெங்களூர்ப் பாதையை இரட்டைப் பாதையாக்கும்போது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக்கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. புதுப்பாதை வேண்டும் என்பதற்காக அதை இடித்துத் தள்ளவில்லை. 2017ஆம் ஆண்டில் அந்தக் கட்டடத்தை அடியோடு பெயர்த்து, நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி, அப்படியே வைத்தார்கள். நாள் பல ஆயின, செலவும் ஆயிற்று. ஆனால் புதியதும் வந்தது, பழையதும் நிலைத்தது. வண்டியில் அவ்வழியே போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: மாற்றம் செய்பவர்களுக்கு மனமிருந்தால், இருப்பதைக் கெடுக்காமலே மாற்ற இயலும். அந்த மனத்தைக் கணினி நிறுவனங்களிடம் நாம் கேட்டுப் பெற வேண்டும். மராமத்துக்கு நாங்கள் பகைவர் அல்லர். முன்னறிவிப்பும் எங்கள் இசைவும் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. பாதையில் வேலை நடக்கும் நாளில் வண்டி ரத்து என்று ரயில்வே முன்கூட்டியே அறிவிக்கிறதே, அந்த மரியாதையாவது வேண்டாமா?

அதுவரை நம் வீட்டை நாமே காத்துக்கொள்வோம். என் அக்காள் மகள் மறு ஆண்டு கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே விண்ணப்பித்தாள், தேறினாள், இன்று வேலையில் இருக்கிறாள். ஓராண்டு போனது போனதுதான் என்றாலும் அந்தக் குறை நீங்கிற்று. சாமுண்டி மலைப் படிக்கட்டில் அம்மா சிரித்த படம் திரும்பவில்லை. அது போன்ற படம் உங்கள் வீட்டுக் கணினியிலும் ஒன்று இருக்கும். இந்த இதழைக் கீழே வைத்தவுடன், வேறு எதைச் செய்யாவிடினும், அந்தப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே, தாளில் ஒரு தேதியும் எழுதி வையுங்கள்.